மெஷினுக்குள் என் குரல்

செம்பூரில் நான் சொன்னால்தான் ஜனங்கள் மூச்சு விடுகிறார்கள் என்று போன வருஷம் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். என் நகைச்சுவையை ரசிக்கிறார்கள் என்று நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கவேயில்லை. அறுபத்திமூன்று வயதில் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு மிதப்பு ஆகாது.

என் பெயர் தனசீலன். தாராவியில் வந்து தனசீலன் வீடு எது என்று கேட்டால் எந்தத் தனசீலன் என்பார்கள். மைக் தனசீலன் என்றால் கூடவே வந்து விட்டுவிட்டுப் போவார்கள். வடாலாவில் ஒரு சரக்குக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன், அது வயிற்றுக்கு. எங்கள் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு வாசகம் வாசிப்பது, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை படிப்பது, நோயாளிகளுக்காக மன்றாட்டு சொல்வது, பூசை முடிந்ததும் அறிவிப்புச் செய்வது, இதெல்லாம் எனக்காக. செருப்பு மாறிப்போனவர்கள், குடையை விட்டுப்போனவர்கள், பிள்ளைகளை ஞாயிறு வகுப்புக்கு அனுப்பாதவர்கள் எல்லோரும் என் வாயில் விழுந்து எழுந்துதான் வீடு போய்ச் சேர வேண்டும். கரண்ட் போய் மைக் செத்த நாளில்கூட நான் நிறுத்தியதில்லை.

மகள் ஜெனி செம்பூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் சி.டி. மெஷின் ஓட்டுகிறாள். ஓட்டுகிறாள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். ஆனால் எனக்கு அதற்கு மேல் விளங்கியதில்லை. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் எங்கே அடைப்பு இருக்கிறது என்று, உள்ளே ஒயர் விடாமல், வெளியே இருந்தே படம் எடுத்துக் காட்டுகிற மெஷின் அது. படுத்திருக்கும் ஆள் ஏழெட்டு நொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்று மெஷினே பேசிச் சொல்லும். இந்தி, மராத்தி, இங்கிலீஷ் எல்லாம் அதற்குள் இருந்தன. தமிழ் இல்லை. மான்குர்தில் மகன் வீட்டுக்கு ஊரிலிருந்து வந்திருந்த ஒரு வயதான அம்மா, இந்தி ஒரு சொல்லும் புரியாமல், நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டே கிடந்தாராம். படம் மொத்தமும் கலங்கிப்போயிற்று. இதை ஜெனி வீட்டில் வந்து சொன்னாள். அந்த மெஷினில் நாமாகவே குரல் பதிந்துகொள்ள இடம் இருக்கிறது என்றும் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் வெந்நீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டேன்.

பதிவுக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் போனேன். குரலுக்கு எதற்குச் சட்டை என்று கேட்க வேண்டாம், எனக்கே தெரியாது. ஜெனி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தாள்: மூச்சை இழுங்க, பிடிச்சுக்கோங்க, இப்ப விடலாம். எனக்கு அது தெருவில் வண்டி நிறுத்தச் சொல்கிற மாதிரி இருந்தது. நான் என் பங்குக்குத் திருத்தினேன். "அன்பார்ந்தவரே, கவனியுங்கள். இப்பொழுது மூச்சை ஆழமாக உள்ளிழுத்து, அடுத்த அறிவிப்பு வரும் வரை அப்படியே நிறுத்தி வையுங்கள்" என்று கணீரென்று சொல்லி முடித்துவிட்டு ஜெனியைப் பார்த்தேன்.

"அப்பா, நீங்க இத முடிக்கதுக்குள்ள பேஷண்ட் மேலயே போயிருவாங்க" என்றாள்.

பேரம் பேசிக் கடைசியில் "கவனியுங்கள், மூச்சை இழுங்கள், நிறுத்துங்கள்" என்பதில் வந்து நின்றது. அப்புறம் "மூச்சு விடலாம்." பதினோரு தடவை பதிந்தோம். பத்துத் தடவை ஜெனிக்குப் பிடித்திருந்தது, எனக்குத் திருப்தியில்லை. "மூச்சு விடலாம்" என்ற இடத்தில் கொஞ்சம் இரக்கம் கலந்து சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பாவமன்னிப்புக் கொடுக்கிற சாமியார் குரலில் அதைச் சொன்னேன். அதுதான் இன்றும் மெஷினில் இருக்கிறது.

அன்றிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. திலக் நகரில், வடாலாவில், யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பேச்சை எப்படியாவது இதயத்துக்குக் கொண்டுவந்து, இதயத்திலிருந்து செம்பூருக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து என் குரலில் இறக்கிவிடுவேன். ஒரு துட்டி வீட்டில்கூடச் சொன்னேன். இறந்தவர் மாரடைப்பில் போனவர் என்பதால் அது பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன்.

இத்தனை இதயத்தைப் பற்றிப் பேசியவன் வீட்டில் இருந்த ஒரு இதயத்தைக் கவனிக்கவில்லை.

நாங்கள் இருப்பது நாலாவது மாடி. லிஃப்ட் வாரத்தில் பாதி நாள் படுத்துக்கிடக்கும். மாடி ஏறும்போது நான் பேசிக்கொண்டே முன்னால் போவேன். நாலாவது மாடிக்கு வந்து திரும்பிப் பார்த்தால்தான் கேட்பதற்கு ஆள் இல்லை என்று தெரியும். என் மனைவி அன்னமேரி இரண்டாவது மாடி வளைவில் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருப்பாள். நல்ல செருப்பு வாங்கித் தருகிறேன், இந்தச் சவத்தைத் தூக்கிப் போடு என்று மேலே இருந்து கத்துவேன். வாங்கியும் கொடுத்தேன். புதுச் செருப்பிலும் வார் சரியாக இருக்கவில்லை. அப்போதும் என் மண்டையில் ஏறவில்லை. மாதுங்காவில் அந்தக் கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டு வேறு ஜோடி மாற்றிவந்தேன்.

அவள் செருப்பைச் சரிசெய்யவில்லை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்பதை ஜெனிதான் கண்டுபிடித்தாள். ஒரு நாள் அம்மாவோடு கூடவே மாடி ஏறியிருக்கிறாள், அவ்வளவுதான். முதலில் இ.சி.ஜி. எடுத்தார்கள். அப்புறம் நடக்க விட்டுப் பார்த்தார்கள், பாதியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டாள், ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அடைப்பு இருக்கிறதா, இருந்தால் எங்கே, எவ்வளவு என்று சி.டி.யில் பார்த்துவிடலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

அதிலும் ஒரு சிக்கல். படம் தெளிவாக விழுவதற்கு ரத்தத்தில் ஒரு மருந்துச் சாயம் ஏற்றுவார்கள். அன்னமேரிக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை, கிட்னி கொஞ்சம் தளர்ந்திருந்தது. சாயத்தை ஒரு தடவை ஏற்றலாம், கிட்னி தாங்கும். படம் கெட்டுப்போனால் உடனே இன்னொரு தடவை ஏற்ற முடியாது, வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வாரங்களில் அவள் நெஞ்சு என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே தடவைதான், அது சரியாக விழ வேண்டும். ஜெனி இதை எனக்கு மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் நான் தலையை ஆட்டினேன். ஆட்டும்போது என் குரல் அன்றைக்கு எப்படி ஒலிக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு இந்திக் குரலைப் போட்டுவிடலாம் என்பதுதான் ஜெனியின் எண்ணம். அன்னமேரி பம்பாய்க்கு வந்து முப்பத்துநாலு வருஷம் ஆகிறது, மீன்காரியிடம் அவள் பேசும் இந்தியைக் கேட்டால் நானே ஒதுங்கி நிற்பேன். எந்த பாஷையிலாவது போடு, சீக்கிரம் முடித்தால் சரி என்று அவளும் சொல்லிவிட்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பெற்ற மகள் மெஷின் ஓட்ட, கட்டிய புருஷன் குரல் மெஷினுக்குள் இருக்க, யாரோ ஒரு முகம் தெரியாதவள் இந்தியில் சொல்லித்தான் இவள் மூச்சு விட வேண்டுமா? டாக்ஸி ஸயான் தாண்டும் வரைக்கும் தாய்மொழியைப் பற்றிப் பேசினேன். டாக்ஸிக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, பின்சீட்டில் அன்னமேரியைப் பார்த்து, ரேடியோச் சத்தத்தைக் கூட்டினார். என் குரலைக் கேட்டால் அவளுக்குத் தைரியமாக இருக்கும் என்று முடித்தேன். அன்னமேரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சென்டரில் அவளுக்கு ஒரு மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். துடிக்கிற இதயத்தைப் படம் எடுப்பதால், துடிப்பு நிதானமாக இருந்தால்தான் படம் கலங்காது. நிமிஷத்துக்கு அறுபத்தைந்துக்குக் கீழே இருக்க வேண்டும். மாத்திரை வேலை செய்தது, அறுபத்திரண்டில் வந்து நின்றது. ஜெனி அவளை உள்ளே படுக்கவைத்து, கையில் ஊசி ஏற்றி, நெஞ்சில் ஒயர்களை ஒட்டிவிட்டு வந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் உட்காரும் சின்ன அறையில் வெளியாட்களுக்கு இடம் கிடையாது. நான் வெளியாள் இல்லை, குரல் கொடுத்தவன் என்று வாசலிலேயே நின்று ஜெனியிடம் தமிழில் வாதாடினேன். மானம் போகிறது என்று ஜெனி மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி உட்காரவைத்தாள்.

அங்கே டாக்டர் பரீஹா இருந்தார். படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவர். சின்ன வயசு, ஆனால் பார்வையிலேயே ஆளை எடை போட்டுவிடுவார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. நான் பேஷண்டின் புருஷன் என்று மட்டும் அவருக்குத் தெரியும். மெஷினுக்குள் இருப்பவன் நான்தான் என்பது தெரியாது. படம் எடுத்து முடிந்ததும் அடக்கமாக அறிமுகப்படுத்திக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

முதலில் சாயம் இல்லாமல் ஒரு ஒத்திகை. ஜெனி ஒரு பட்டனைத் தட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் குரல் எழுந்தது. "கவனியுங்கள்." உள்ளபடியே நல்ல குரல், இப்போதும் சொல்லுவேன். திரையில் அறுபத்தொன்று என்று இருந்த எண் எழுபது ஆயிற்று. "மூச்சை இழுங்கள்." எண்பத்திரண்டு. "நிறுத்துங்கள்." எண்பத்தெட்டு. "மூச்சு விடலாம்" என்று நான் பாவமன்னிப்புக் கொடுத்த பிறகும் இறங்குவதற்கு வெகுநேரம் பிடித்தது.

எனக்கு ஒரே சந்தோஷம். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம் கழித்தும் என் குரலைக் கேட்டால் இவள் நெஞ்சு இப்படிப் படபடக்கிறதே என்று நினைத்தேன். இதை எப்படியாவது நாலு பேரிடம் சொல்ல வேண்டும், ஆனால் நாகரிகமாகச் சொல்ல வேண்டும் என்று வார்த்தை தேடினேன். ஜெனி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போய் அம்மாவின் கையைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்தாள். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பாள். எண் அறுபதுக்கு வந்தது. மறுபடி பட்டனைத் தட்டினாள். மறுபடி நான். மறுபடி எண்பத்தாறு.

இரண்டாம் தடவை எனக்குச் சந்தோஷம் குறைந்து மெஷின் மேல் சந்தேகம் வந்தது. ஒயர் லூசாக இருக்கும் என்று வாயைத் திறந்தேன். ஜெனி விரலைக் காட்டினாள், மூடிக்கொண்டேன். இன்னொரு மாத்திரை கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டாள். பிரஷர் ஏற்கெனவே இறங்கியிருக்கிறது, இனிமேல் கொடுத்தால் மயக்கம் வரும், வேண்டாம் என்றார் டாக்டர். இந்தத் துடிப்பில் சாயத்தை ஏற்றினால் சாயமும் வீண், படமும் வீண். இன்றைக்கு விட்டுவிட்டு வேறு நாள் பார்க்கலாமா என்று இருவரும் இந்தியில் பேசிக்கொண்டார்கள். அப்போதுதான் நான் அவளைப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சைத் துணிக்குள்ளிருந்து அன்னமேரியின் பாதம் மட்டும் தெரிந்தது. பித்தவெடிப்பு இருந்தது. அவளுக்குப் பித்தவெடிப்பு உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

டாக்டர் பரீஹா நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, இன்னொரு தடவை போடச் சொன்னார். "கவனியுங்கள்" என்றேன் நான், உள்ளே. எண் ஏறியது. கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். என் குரல் பாதியில் அறுந்தது, எண் இறங்கியது. மறுபடி போடு என்றார். ஏறியது. நிறுத்து. இறங்கியது. குழாயைத் திறந்து மூடிப் பார்க்கிற மாதிரி என்னைத் திறந்து மூடிப் பார்த்தார்.

"ஜெனி, யே ஆத்மி போல்தா ஹை தோ ரேட் சட்தா ஹை. கோன் ஹை யே? இஸ்கோ பந்த் கரோ" என்றார்.

இந்த ஆள் பேசினால்தான் ஏறுகிறது, யார் இவன், இவனை நிறுத்து. பூப்போலத்தான் சொன்னார். ஜெனி கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது சிவந்துவிட்டது. நான் ஸ்டூலில் இருந்தேன். இந்த ஆள் நான்தான் என்று எழுந்து சொல்லியிருக்கலாம். முப்பது வருஷமாக மைக் பிடித்தவனுக்கு அந்த ஒரு வரி வரவில்லை.

ஜெனி குரலை மாற்றினாள். யாரோ ஒரு பெண், எந்த ஊர்க்காரியோ, வீட்டில் அரிசி களைந்துகொண்டே சொல்வது போல அவசரமில்லாமல், ஸான்ஸ் அந்தர் லீஜியே, ரோக்கியே என்றாள். அதே மூச்சை இழுங்கள், நிறுத்துங்கள்தான். எண் அறுபத்தொன்று. அறுபது. அசையவில்லை. ஜெனி சாயத்தை ஏற்றினாள். உடம்பெல்லாம் திகுதிகுவென்று சூடாக இருக்கும், பயப்படாதீங்கம்மா என்று மைக்கில் சொன்னாள். மகள் குரலுக்கும் எண் அறுபதிலேயே நின்றது, அதையும் பார்த்தேன். மேஜை நகர்ந்தது, மெஷின் ஒரு சுற்றுச் சுற்றியது, முடிந்துவிட்டது. இவ்வளவு நாள் பயந்த காரியம் ஏழெட்டுத் துடிப்பில் முடிந்துவிட்டது. படம் கிடைத்துவிட்டது என்று ஜெனி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

டாக்டர் திரையில் இதயத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். ஒரு முஷ்டி அளவுக்கு, மேலே கொடி படர்ந்த மாதிரிக் குழாய்கள். முன்பக்கத்துப் பெரிய குழாயில் ஒரு இடத்தில் விரலை வைத்தார். அந்த இடம் நூலாக இருந்தது. எழுபது சதவீதம் அடைத்திருக்கிறது என்றார். மற்ற இரண்டும் நன்றாக இருக்கின்றன, ஒரு ஸ்டென்ட் வைத்தால் சரியாகிவிடும், படம் இவ்வளவு சுத்தமாக வந்ததால் சந்தேகமே இல்லை, இந்த வாரமே இதய டாக்டரைப் பாருங்கள், அதுவரைக்கும் மாடி ஏறக் கூடாது, அலையக் கூடாது, இதை விட்டுவைத்திருந்தால் ஒரு நாள் படியிலேயே விழுந்திருப்பார் என்றார். இரண்டாவது மாடி வளைவில் அவள் குனிந்து நிற்பதும் நான் மேலே இருந்து செருப்பைத் திட்டுவதும் கண்ணுக்கு முன்னால் வந்தது. அங்கேயே அழுதேன். டாக்டர் பரீஹா எனக்குத் தண்ணீர் கொடுத்து, நல்ல புருஷன், இவ்வளவு பாசமாக இருக்கிறீர்களே என்றார்.

சாயம் ஏற்றினால் அரை மணி நேரம் வைத்திருந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அன்னமேரியைப் பக்கத்து அறையில் கட்டிலில் படுக்கவைத்து, விரலில் கிளிப்பை மாட்டி, அதைச் சின்னத் திரை ஒன்றில் சேர்த்துவிட்டு, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு ஜெனி அடுத்த பேஷண்டைப் பார்க்கப் போனாள். நான் கட்டிலருகே உட்கார்ந்தேன். படத்தில் இருந்ததைச் சொன்னேன். அவள் கலங்கவில்லை. அப்படின்னா அது வாயு இல்ல என்றாள், அவ்வளவுதான். எட்டு மாதமாக வலி இருக்கிறதாம். எட்டு மாதம் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டதே அதட்டல் மாதிரித்தான் வந்தது, என் தொண்டை அப்படி.

"உங்ககிட்ட சொன்னா ஞாயித்துக்கெழம மன்றாட்டுல வந்துரும்லா" என்றாள். "நெஞ்சு வலியால் வருந்தும் எங்கள் சகோதரி அன்னமேரிக்காகன்னு மைக்ல சொல்லுவீய. பெறகு அம்புட்டுப் பேரும் வீட்டுக்கு வருவாவ. அவியளுக்கு டீ போட பாலு வாங்க நாந்தான் நாலு மாடி எறங்கி ஏறணும்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வாக்கியத்தை டாக்ஸியில் வரும்போதே மனசுக்குள் எழுதி முடித்திருந்தேன். வருந்தும் என்பதை எடுத்துவிட்டு அல்லலுறும் என்று போட்டிருந்தேன்.

இவ்வளவு ஆன பிறகு அதையும் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. என் குரலைக் கேட்டால் அவளுக்குப் பயமா என்று கேட்டேன். மெஷினில் எண் ஏறியதையும் டாக்டர் சொன்னதையும் சொன்னேன். இவனை நிறுத்து என்றதையும் விடாமல் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பயமெல்லாம் இல்ல. நீங்க அடிச்சீயளா, வஞ்சீயளா? ஒண்ணும் இல்ல. உங்க சத்தம் கேட்டா எந்திக்கணும், அம்புட்டுதான். தண்ணியோ, துண்டோ, கண்ணாடியோ, என்னமோ கேக்கப் போறீயன்னு ஒடம்பு அதுபாட்டுக்கு எந்திச்சிரும். அங்கன என்னன்னா அசையாம கெடன்னு சொல்லிட்டாவ. உங்க சத்தமும் கேக்கு, எந்திக்கவும் முடியல. நெஞ்சு பாவம் என்ன செய்யும்?"

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மாத்திரை அவளைத் தூக்கத்தில் தள்ளியிருந்தது.

நான் அவ்வளவு லேசில் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. மனசுக்குள் அவளோடு வாதாடினேன். நானா கேட்கிறேன், அவளாகவே கொண்டுவந்து கொடுக்கிறாள் என்றேன். எத்தனை நாள் நானே தண்ணீர் எடுத்துக் குடித்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். வேலைக்குப் போன காலத்தில் ஆபீஸில் குடித்ததைச் சேர்த்துக்கொண்டேன். அப்படியும் கணக்கு நிற்கவில்லை. பெண்கள் ஒன்றைப் பத்தாக்கிச் சொல்வார்கள் என்று கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். மெஷின் சத்தம், ஊசி, குளிர், அதில் எண் ஏறியிருக்கும், பழி என் குரல் மேல் விழுந்துவிட்டது. இப்போது இங்கே சத்தமில்லை, ஊசியில்லை. சோதித்துப் பார்த்துவிட்டால் தீர்ந்தது.

திரையில் ஐம்பத்தொன்பது என்று இருந்தது. அன்னமேரி வாயை லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. நான் குனிந்து, கோயிலில் பேசுகிற குரலில் இல்லை, எனக்கே கேட்குமோ கேட்காதோ என்கிற அளவுக்கு, "அன்னம்" என்றேன்.

ஐம்பத்தொன்பது. அறுபத்தெட்டு. எழுபத்தேழு. எண்பத்துநாலு. கண் திறக்கவேயில்லை. போர்வைக்குள்ளிருந்து வலது கால் வெளியே வந்து, கட்டிலை விட்டு இறங்கி, தரையில் செருப்பைத் தேடியது.

"என்னங்க, என்ன வேணும்?" என்றாள் தூக்கத்திலேயே.

ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லவும் என்னிடம் அந்தக் குரல் ஒன்றுதான் இருந்தது. நான் தரையில் உட்கார்ந்து, அவள் காலை இரண்டு கையாலும் தூக்கிக் கட்டிலில் வைத்து, போர்வையை இழுத்து மூடினேன்.